முதல் பக்கத்து எண், ஏழாம் பக்கத்து எண்

பொருளாதாரச் செய்தி எழுதும் இளம் நிருபர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் நிருபர்களுக்கு,

2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பொருளாதாரம் 11.19 விழுக்காடு வளர்ந்தது என்ற கணக்கு வெளியானபோது நீங்கள் எழுதிய செய்திகளைத் தேடித் தேடிப் படித்தேன். தலைப்பில் அந்த எண். லீடில் அந்த எண். ஒரு தரப்பு அதைத் தூக்கிப் பிடித்தது, இன்னொரு தரப்பு அதைச் சந்தேகப்பட்டது. இரண்டு தரப்புக்கும் வேறு எண் தேவைப்படவில்லை. இரட்டை இலக்க வளர்ச்சி லேசுப்பட்ட காரியம் இல்லை. அதைக் கொண்டாடுவதில் எனக்குச் சண்டையும் இல்லை. நாளிதழ் டெஸ்க்கில் உட்கார்ந்து இதே மாதிரிச் செய்திகளை வெட்டியும் ஒட்டியும் காலம் கழித்தவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். அந்தச் செய்தியைப் படித்து முடித்த வாசகருக்கு, தன் மாநிலத்தில் மனிதர்கள் முன்னைவிட நன்றாக வாழ்கிறார்களா என்பது தெரிந்திருக்குமா?

தெரிந்திருக்காது. அதைச் சொல்வதற்காக அந்த எண் உருவாக்கப்படவே இல்லை.

1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்து தொழில்கள் முடங்கியபோது, எவ்வளவு முடங்கியது என்று சொல்ல அந்த அரசிடம் ஒழுங்கான கணக்கு கிடையாது. சரக்கு ரயில்களில் ஏறிய பாரம், எஃகு ஆலைகளின் உற்பத்தி என்று துண்டு துண்டான தகவல்கள்தான் இருந்தன. சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளியலாளரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. 1929க்கும் 1932க்கும் இடையே நாட்டு வருமானம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்று 1934இல் செனட் சபைக்குக் கொடுத்த அறிக்கையில் அவர் காட்டினார். நாட்டு மக்களின் நலத்தை இந்த வருமானக் கணக்கை வைத்து ஊகித்துவிடாதீர்கள் என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையையும் அதே அறிக்கையில் எழுதிவைத்தார். ஆயுதச் செலவையும் விளம்பரச் செலவையும் வளம் என்று கூட்டலாமா என்ற கேள்வியை அவர் பிறகும் விடவில்லை. அதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்தது. எத்தனை விமானம், எத்தனை பீரங்கி செய்ய முடியும் என்று அறிய அரசுகளுக்கு மொத்த உற்பத்தி தெரிய வேண்டியிருந்தது. ஆயுதமும் உற்பத்திதான் என்று முடிவாயிற்று. இன்று நாம் ஜிடிபி என்று சொல்வது அந்தப் போர்க்கால நிர்வாகத் தேவையில் உருப்பெற்றது. இந்தப் பின்னணி தெரிந்தால் அந்த எண்ணின் மேல் கோபம் வராது. அது ஒரு வேலைக்காகச் செய்யப்பட்ட கருவி. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

நம் நாட்டில் தொடக்கம் வேறு மாதிரி. இங்கே முதன்முதலில் நாட்டு வருமானத்தைக் கணக்கிட்டவர் தாதாபாய் நௌரோஜி. 1867-68இல் இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்பது அவர் கண்ட முடிவு. அதோடு அவர் நிறுத்தவில்லை. அந்த 20 ரூபாயைக் கொண்டுபோய்ச் சிறைச்சாலைக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு கைதிக்குச் சோறும் துணியும் கொடுக்க ஆங்கிலேய அரசு ஆண்டுக்குச் செலவழித்த தொகை அதைவிடக் கூடுதல். வெளியே நடமாடுகிறவனின் வருமானம் உள்ளே இருக்கிறவனின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் போதவில்லை! இரண்டு எண்ணுக்குமான தகவல்கள் ஆங்கிலேய அரசின் ஏடுகளிலிருந்தே எடுத்தவை. புதிதாக எந்த அளவுகோலையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. என்னைக் கேட்டால் இந்தியப் பொருளாதார இதழியலின் முதல் பாடம் இதுதான். ஓர் எண்ணை ஒருபோதும் தனியாக அச்சிடாதே, அதைச் சோதிக்கிற இன்னோர் எண்ணைப் பக்கத்தில் வை.

விடுதலைக்குப் பிறகு 1949இல் புள்ளியியலாளர் மகலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு அமைந்தது. பொருளியலாளர்கள் காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ் இருவரும் உறுப்பினர்கள். ஆலோசனை சொல்ல வந்தவர்களில் குஸ்நெட்ஸும் ஒருவர், பிரிட்டனின் ரிச்சர்ட் ஸ்டோனும் ஒருவர். கிராமத்து மக்களில் பலர் காசு அதிகம் புழங்காமல் பண்டமாற்றிலும் சொந்த விளைச்சலிலும் வாழ்ந்த காலம் அது. எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது? இதே கேள்வி சில ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலும் எழுந்திருந்தது. ஸ்டோனும் இன்னொரு பொருளியலாளரான ஜேம்ஸ் மீடும் வகுத்த நாட்டு வருமானக் கணக்கு முறை பிரிட்டிஷ் காலனிகளுக்குப் பொருந்துமா என்று பார்க்கும் வேலை ஃபிலிஸ் டீன் என்ற இளம் ஆய்வாளருக்குத் தரப்பட்டது. இன்றைய ஜாம்பியா, மலாவி நாடுகளின் கிராமங்களை ஆராய்ந்த அவர், விறகு பொறுக்குவதையும் சமைப்பதையும் விட்டுவிட்டு இந்த ஊர்களின் வருமானத்தைப் பற்றிப் பேசுவது அபத்தம் என்று வாதாடினார். எடுபடவில்லை. 1953இல் ஐ.நா. வெளியிட்ட தேசியக் கணக்கு நெறிமுறை அடுக்களைக்கு வெளியே கோடு கிழித்தது. பிற்பாடு வந்த திருத்தங்களில் விறகும் தண்ணீரும் சேர்ந்தன, சமையல் சேரவில்லை.

அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். வயலில் விளைந்த நெல்லை விற்காமல் வீட்டுக்கே வைத்துக்கொண்டால் அது ஜிடிபியில் உண்டு. அந்த நெல்லை அரிசியாக்கினாலும் உண்டு. அரிசியைச் சோறாக வடித்தால் இல்லை. நீங்கள் சொந்த வீட்டில் வாடகை தராமல் குடியிருந்தால், அந்த வீட்டுக்கு என்ன வாடகை வந்திருக்கும் என்று அரசு ஊகித்து ஜிடிபியில் கூட்டிக்கொள்கிறது. யாரும் தராத வாடகைக்கு மதிப்பு போடத் தெரிந்த கணக்குக்கு, அதே வீட்டில் காலையில் எழுந்து இட்லி ஊற்றி, பிள்ளையைக் குளிப்பாட்டி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, பாத்திரம் துலக்கும் உழைப்புக்கு மதிப்பு போடத் தெரியவில்லை. முடியாது என்பதில்லை, சேர்ப்பதில்லை என்று செய்த முடிவு அது.

மதிப்பு வேண்டாம், நேரத்தையாவது அளக்கலாமே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1998-99இல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாக நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. அவற்றில் தமிழ்நாடும் ஒன்று. நாடு முழுவதற்குமான முதல் கணக்கெடுப்புக்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அது சொன்னது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, நிருபர்கள் பெரும்பாலும் தவறவிடுவது. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் எடுத்த சராசரி இது. நூறு பெண்களில் 81 பேர் அந்த வேலையைச் செய்தார்கள், நூறு ஆண்களில் 26 பேர். அதாவது ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாத 74 ஆண்கள் அந்த 97 நிமிடத்தில் அடக்கமில்லை. 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்தாண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமானது, ஆண்களுக்கு ஒன்பது நிமிடம்.

தமிழ்நாட்டில் இந்த விஷயம் அரசாணை வரைக்கும் வந்துவிட்டது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தர ஏற்பாடானது. வீட்டில் பெண்கள் சம்பளமில்லாமல் உழைப்பதை அங்கீகரிக்கவே இந்தத் தொகை என்று அரசு அறிவித்தது. நல்லது. தேசியக் கணக்கில் அது எப்படிப் பதிவாகிறது தெரியுமா? உற்பத்தியாகப் பதிவாவதில்லை. அரசு சும்மா கொடுக்கும் பணத்துக்குக் கணக்காளர்கள் வைத்திருக்கும் கட்டம் வேறு. அது உற்பத்தியில் வராது. உழைப்பும் ஜிடிபியில் இல்லை, அந்த உழைப்புக்கு அரசு தரும் காசும் ஜிடிபியில் இல்லை. அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு போய் மளிகைக் கடையில் கொடுக்கும்போதுதான் ஜிடிபி கண் விழிக்கிறது. திட்டத்தை ‘இலவசம்’ என்று எழுதுகிறவர்களும் ‘புரட்சி’ என்று எழுதுகிறவர்களும் இந்த ஒரு தகவலைப் பெட்டிச் செய்தியாகவாவது போட்டிருக்கலாம்.

கூட்ட மறந்ததைவிடக் கழிக்க மறந்தது பெரிது.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. லாரித் தண்ணீருக்கு வீடுகள் கொட்டிக் கொடுத்த பணம், ரயிலுக்கு ஆன செலவு, புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணறுகள், கேன் தண்ணீர் வியாபாரம் எல்லாம் அந்த ஆண்டின் உற்பத்தியில் கூட்டலாகவே ஏறின. நிலத்தடியிலிருந்து உறிஞ்சப்பட்டு இல்லாமல் போன நீருக்குக் கழித்தல் கிடையாது. ஒரு கஷ்டம் வந்தால் வருமானம் உயர்ந்ததாகக் காட்டும் கணக்கு இது.

ரயில் புறப்பட்ட ஜோலார்பேட்டை அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்திலேயே வாணியம்பாடி, ஆம்பூர், நடுவில் பாலாறு. தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டுப்போனதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவுக்கோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக ஓர் ஆய்வு சொன்னதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று இந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. அதையொட்டி அமைந்த ஆணையம் 2001இல் சுமார் 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கும் சற்று மேலாக இழப்பீடு விதித்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூடத் தேறாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. வழக்கு ஒரு தலைமுறையைத் தாண்டிவிட்டது.

இப்போது இதை ஜிடிபி எப்படிப் பார்த்தது? தோல் ஏற்றுமதி கூட்டல். சுத்திகரிப்பு நிலையம் கட்டியது கூட்டல். கிணறு உவர்த்துப்போனதால் வாங்கும் கேன் தண்ணீர் கூட்டல். டாக்டர் ஃபீஸ் கூட்டல். வக்கீல் ஃபீஸும் கூட்டல். விளைச்சல் குறைந்தது வேண்டுமானால் வேளாண் கணக்கில் தெரியும். நிலமே போனது எந்த வரியிலும் தெரியாது. தோல் தொழிலை மூடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆம்பூரில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிவது அதனால்தான். என் வாதமெல்லாம், வரவை எழுதியவன் செலவையும் எழுத வேண்டும் என்பதுதான்.

இதை நம்மிடையே ஓர் ஆடிட்டர் எப்போதோ சொல்லிவிட்டார். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, லண்டனில் கணக்காளர் பயிற்சி பெற்று பம்பாயில் தொழில் நடத்தியவர்; பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். காந்தியோடு சேர்ந்ததும் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் ஊர் ஊராகப் பொருளாதார ஆய்வு செய்வது. விவசாயி வீட்டில் என்ன இருக்கிறது, என்ன கடன், என்ன வரி என்று மாணவர்களை வைத்து எண்ணினார். பின்னாளில் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரம் பற்றி எழுதிய நூலில், தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும் வளத்தையும் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும் வளத்தையும் வேறு வேறாகப் பிரித்தார். கம்பெனிக் கணக்கில் மெஷினுக்குத் தேய்மானம் கழிக்காவிட்டால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். ஆறும் மணலும் மண்ணும் தேய்வதற்கு மட்டும் தேய்மானம் இல்லையா என்பது ஒரு கணக்காளருக்கு இயல்பாக வரும் சந்தேகம். 1960இல் குமரப்பா காலமானார். 2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட புதிய நெறிமுறை, இயற்கை வளம் குறைவதை உற்பத்திச் செலவாகக் கழித்து நிகர உற்பத்தியைக் காட்டச் சொல்கிறது. நாடுகள் அதைச் செயல்படுத்த இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும். அப்போதும் தலைப்பில் நீங்கள் போடப்போவது மொத்தமா, நிகரமா என்பது உங்கள் டெஸ்க்கின் கையில் இருக்கிறது.

இந்த இடத்துக்கு வந்தவுடன் பலர் ‘மகிழ்ச்சிக் குறியீடு’ என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. உலக மகிழ்ச்சி அறிக்கையில் இந்தியா 2025இல் 118ஆம் இடம். பாகிஸ்தான் நமக்கு முன்னால். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் இதற்கொரு கொதிப்பு, இரண்டு நாளில் ஆறிவிடும். உங்கள் வாழ்க்கைக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்ற ஒரே கேள்விக்கு, நாட்டுக்குச் சில ஆயிரம் பேர் சொன்ன பதில் அந்தத் தரவரிசை. கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிலாளியின் ஐந்தும் ஹெல்சிங்கி ஆசிரியரின் எட்டும் ஒரே தராசில் நிற்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

பூட்டான் செய்தது அதைவிடக் கனமானது. உற்பத்தியைவிட மகிழ்ச்சி முக்கியம் என்று நாலாவது மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் 1970களில் சொன்னதை, ஒன்பது துறைகளும் 33 குறியீடுகளும் கொண்ட கணக்கெடுப்பாகவே மாற்றினார்கள். எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள், அக்கம்பக்கத்தாரை நம்புகிறீர்களா என்றெல்லாம் வீடு வீடாகக் கேட்கிறார்கள். நாட்டின் பரப்பில் 60 விழுக்காடு எப்போதும் காடாக இருக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மெச்ச வேண்டியதுதான். ஆனால் 1990களின் தொடக்கத்தில் நேபாளி பேசும் லோத்ஷாம்பா மக்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அந்த நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு நேபாள முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததும், பெரும்பாலோர் பிறகு அமெரிக்கா போன்ற நாடுகளில் குடியேற்றப்பட்டதும் இதே பூட்டானின் வரலாறு. முகாமில் இருந்தவர்களின் தூக்கத்தை எந்தக் குறியீடும் அளக்கவில்லை. எதை எண்ணுவது என்ற கேள்விக்கு முன்னால் யாரை எண்ணுவது என்ற கேள்வி இருக்கிறது. அதனால்தான் ஒரு புது எண்ணைக் கொண்டுவந்து பழைய எண்ணின் நாற்காலியில் உட்கார வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 1990இல் பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் மனித மேம்பாட்டுக் குறியீட்டை உருவாக்கியபோது, அவருடைய நண்பர் அமர்த்தியா சென்னும் முதலில் அப்படித்தான் தயங்கினார். எளிய எண் ஒன்றை எளிய எண்ணால்தான் எதிர்க்க முடியும் என்று ஹக் அவரை இணங்க வைத்தார். ஹக்கின் சாமர்த்தியத்தை மதிக்கிறேன், சென்னின் தயக்கத்தின் பக்கம்தான் என் மனம்.

புது அளவுகோலுக்காக நீங்கள் திம்புவுக்கோ ஹெல்சிங்கிக்கோ போக வேண்டியதில்லை. வேண்டிய எண்கள் நம் அரசுகளின் அலமாரியிலேயே கிடக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. நாட்டின் பணக்கார மாநிலங்களில் ஒன்றில், பாதிக்கு மேற்பட்ட பெண்கள் ரத்தம் குறைந்தவர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் நம் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 25.9, நாட்டின் சராசரி 12.4. இங்கே பதிவு ஓரளவு ஒழுங்காக நடப்பதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம், அதையும் சேர்த்தே எழுதுங்கள். பெருமைப்படவும் எண்கள் உண்டு. 2020இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. ஆரம்பச் சுகாதார நிலையச் செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும் சேர்ந்து உண்டாக்கிய இந்த வளம் 11.19க்குள் தெரியாது, அவர்களுடைய சம்பளம் மட்டும்தான் தெரியும்.

இவையெல்லாம் ஏன் ஏழாம் பக்கத்துக்குப் போகின்றன? நாட்டின் ஜிடிபி காலாண்டுக்கு ஒருமுறை, தேதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு வருகிறது. அந்தத் தேதிக்குச் சந்தை காத்திருக்கிறது, அமைச்சர் காத்திருக்கிறார், உங்கள் எடிட்டர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். ரத்தசோகைக் கணக்கு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, பிடிஎஃப் கோப்பாக, பெரும்பாலும் சத்தமில்லாமல் வருகிறது. வீட்டு வேலை நேரம் இதுவரை நாடு தழுவி இரண்டே முறைதான் எடுக்கப்பட்டிருக்கிறது. 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்கவே இல்லை. அடிக்கடி வரும் எண்தான் ஆட்சியாகிறது. முக்கியமானது எது என்று நீங்கள் தீர்மானிப்பதற்கு முன்பே வெளியீட்டு அட்டவணை தீர்மானித்துவிடுகிறது.

அட்டவணையை மாற்ற உங்களால் முடியாது. பக்கத்தை மாற்ற முடியும். அடுத்த முறை வளர்ச்சி விகிதம் வரும்போது, நௌரோஜி செய்ததுபோல அதே பத்தியில் இன்னொரு எண்ணையும் வையுங்கள். ஒரு தடவை ரத்தசோகை, இன்னொரு தடவை பெண்களின் வேலை நேரம், மற்றொரு தடவை உங்கள் மாவட்டத்தின் நிலத்தடி நீர்மட்டம். பழைய கணக்காக இருந்தால் ஆண்டைப் போட்டு எழுதுங்கள். புதுக் கணக்கு ஏன் இன்னும் வரவில்லை என்பது தனிச் செய்தி. பட்ஜெட் முடிந்த கையோடு நடக்கும் பிரஸ் மீட்டில், மொத்த உற்பத்தியில் எவ்வளவு கூடியது என்று எல்லோரும் கேட்டு முடித்த பிறகு, தண்ணீரிலும் மணலிலும் மண்ணிலும் இந்த ஆண்டு எவ்வளவு குறைந்தது என்று உங்களில் ஒருவர் கேளுங்கள். பதில் கிடைத்தால் அச்சிடுங்கள். அப்படியொரு கணக்கே இல்லை என்று சொன்னால், அதைத் தலைப்பாகப் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர் ஒருவர்